பின்வீட்டு வெள்ளைக்காரர்

சட்டம் என்ற மாளிகையை ஊட்டியில் தாங்கி நின்ற ஒரே தூண், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனசிங். வெளிநாட்டவர் வீடு மாறினால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சர்ச் வாசலில் எல்லோருக்கும் பாடம் எடுப்பார். அவருடைய பின்வீட்டில் வாடகைக்கு இருந்த பீட்டர் போன மாதமே பக்கத்து இத்தலார் கிராமத்துக்குக் குடிபோனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் இருக்கிற ஊடு என்ற பெயர் போய்விடுமே.

ஒரு நாள் கான்ஸ்டபிள் கோகிலவாணி பீட்டரின் போட்டோவோடு விசாரிக்க வந்தார். வழக்குதான் என்று அந்தக் குளிரிலும் தனசிங்குக்கு வியர்த்தது. பின்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த கோகிலவாணி, உள்ளே பார்த்துக் கையசைத்தார்.

“போட்டோவுல இருக்கறாப்பலயே இருக்காருங்க சார். ஏனுங்க, வெளிய பூட்டு தொங்குது?”

“அவரு அப்படித்தானுங்க இருப்பாரு,” என்றார் தனசிங், பாக்கெட்டிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்தபடி.

கோகிலவாணி போனதும் இத்தலாருக்குப் போன் போட்டார். பீட்டர் அங்கே கேரட் கழுவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தனசிங் முன்னைவிட நிமிர்ந்து நின்றார். “போலீஸே நேர்ல வந்து பாத்து, நம்மூட்டுல எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க,” என்றார். எல்லோரும் சற்றுத் தள்ளி நின்றே கேட்டார்கள்.

அவருக்கு இருந்த ஒரே கீசர் பின்வீட்டுக்குள் இருந்தது. கோகிலவாணி வந்துபோன நாளிலிருந்து அவர் குளிக்கவில்லை.