துப்பினால் போதும்

முன்பல்லில் இருந்த சொத்தையை அடைத்து முடித்ததும் பல் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம் கேட்டார்.

"பல் தேய்ச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"நுரையெல்லாம் போற வரைக்கும் நல்லாக் கொப்பளிச்சிடுவேன் டாக்டர்."

"அங்கதான் கெட்டுது போங்க. நாம திங்கிற இனிப்பைக் கிருமி அமிலமாக்கும். அது எனாமலை அரிக்கும். பேஸ்ட்ல இருக்கிற ஃப்ளோரைடு பல்லுமேல தங்கினாத்தான் அரிச்ச இடம் மறுபடி இறுகும். நீங்க அத்தனையும் வாஷ்பேசினுக்கு வார்க்கறீங்க. வாஷ்பேசினுக்கா சொத்தை விழும்?"

"அப்போ?"

"துப்புங்க. அதோட நிறுத்துங்க. இதுகூடத் தெரியாம எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தீங்களோ."

"அடைச்சது வெளிய தெரியாதே டாக்டர்? நாளைக்கு வேலைக்குப் போகணும்."

"பல்லைக் காட்டியா வேலை பாக்கறீங்க?"

அவர் நாற்காலியை விட்டு இறங்கி வெளியே வந்தார். காத்திருந்த பெண்மணி அவரைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"டாக்டர், நீங்களா? டிவி விளம்பரத்துல வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு நீங்க சொன்னதிலிருந்து எங்க வீட்டுல அந்த பேஸ்ட்தான். ஒரு சந்தேகம். தேய்ச்சதும் வாய் கொப்பளிக்கலாமா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். விளம்பரத்தில் உயர்த்துகிற அதே கையை உயர்த்தினார்.

"துப்புங்க. அதோட நிறுத்துங்க. வாஷ்பேசினுக்கா சொத்தை விழும்?"

"இதைக் கேக்கத்தான் வந்தேன். நீங்களே சொன்னப்புறம் வேற டாக்டர் எதுக்கு?" பெண்மணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அடுத்த பேஷன்ட் எங்க?"

"அவங்களை நான் பாத்து அனுப்பிட்டேன்" என்றார் அவர்.