தீமிதி அன்று ஓடிய ஜீப்

எத்திராஜ் கொட்டகைக்குள் நுழைந்ததும் வரதனைப் பார்க்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஜீப்பைத்தான் பார்த்தான்.

"வண்டி ஓடுதாமே, வரதா?"

வரதன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான்.

அது உலகப் போரின்போது அமெரிக்காக்காரன் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போன ஜீப். பம்ப் செட்டுக்கு மோட்டார் வாங்க மெட்ராஸ் போன வரதன், மோட்டாரை மறந்துவிட்டு, ராணுவ ஏலத்தில் இதை எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மானாம்பதியைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அவன் மனைவி ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. ஒரு வாரம் சமைக்கவும் இல்லை.

வரதன் அசரவில்லை. கழனி வேலை முடிந்தால் கொட்டகைதான். துருவைச் சுரண்டினான், இன்ஜினைப் பிரித்தான், மாட்டியதை மறுபடி பிரித்தான். ஸ்டியரிங் மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை. மொட்டையாக நின்ற வண்டியில் கோழிகள் முட்டை வைத்தன. மூன்று வருஷம் கழித்துப் புதுப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் அது கிடைத்தது. தீமிதிக்கு முதல் நாள் அதை மாட்டி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

வினை தீமிதி அன்றைக்குத்தான் வந்தது.

ஊரே திரௌபதி அம்மன் கோயிலில் இருந்த சாயங்காலம், ஏரிக்கரை ரோட்டில் புதிதாகக் கட்டியிருந்த பஸ் நிழற்குடையை ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த வாரம் கலெக்டர் வந்து திறக்க வேண்டியது. ஒரு தூணில்தான் இடி. மீதி மூன்று தூண்களும் மரியாதைக்காகக் கூடவே விழுந்தன.

அதைக் கட்டியவர் பஞ்சாயத்துத் தலைவர் தாமோதரன். துடித்துப் போனார். "ஏதோ மணல் லாரியாத்தான் இருக்கும். எவன்னு மட்டும் தெரியட்டும். வண்டியப் புடுங்கிக்கினு, ஓட்டினவன் கையாலயே மறுபடியும் கட்ட வெக்கிறேன்!" என்று ஊரைக் கூட்டிச் சபதம் போட்டார். அன்றிலிருந்து வெறுங்காலோடுதான் நடந்தார். அம்மனுக்கு வேண்டுதலாம். மெட்ராஸில் வாங்கிய சிவப்பு வார் செருப்பு இல்லாமல் தலைவரைப் பார்க்க ஊருக்கே என்னவோ போலிருந்தது.

"மணல் லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான் எத்திராஜ் இப்போது, கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி. "நானு தீமிதிக்குப் போவல, வரதா. வயிறு ஒரே பேஜாரு. ஏரிக்கரையாண்ட வேலிகாத்தான் புதர்ல குந்திக்கினு இருந்தேன். உன் வண்டி வந்துச்சு. என் பக்கமா, வலது பக்கத்துல நீ குந்திக்கினு போனே. போய் டமால்னு இடிச்சீங்க. எயுந்து ஓடி வரலாம்னா, வர்ற நெலமையில நான் இல்ல."

வரதன் போய்க் கொட்டகைப் படலைச் சாத்தினான். எத்திராஜ் விடவில்லை.

"அந்தாண்ட எவனோ முண்டாசு கட்டிக்கினு இருந்தான். அவன் எவனா இருந்தா எனக்கின்னா?"

"உனக்கு இன்னா வேணும்?"

"ஜீப்பு. சினிமாக்காரங்க சண்டைப் படத்துக்கு இந்த மாதிரி வண்டியத்தான் தேடிக்கினு கீறாங்க. குடுத்துட்டேன்னா நான் ஒண்ணும் பார்க்கல."

வரதன் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துவிட்டான். நிலத்தைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பான். "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வாயத் தொறக்க மாட்டேன்னு பெருமாள் மேல சத்தியம் பண்ணிக்கீறேன். ஆனா வண்டியத் தர மாட்டேன்."

"அப்போ தலைவரு வந்து கேக்கட்டும்."

மறுநாள் காலையில் ஊரே கொட்டகை முன்னால் கூடிவிட்டது. எத்திராஜ் புதர் உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான்.

தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "வரதனா? நல்லாப் பார்த்தியா? வரதனேதானா?" என்று கேட்டார். எத்திராஜ் அம்மன்மேல் ஆணையாக ஆமாம் என்றான். அதன் பிறகுதான் அவர் குரல் உயர்ந்தது.

"வரதா, உன்னாண்ட இத நான் எதிர்பார்க்கல. சபதம் சபதந்தான். நாளைக்குக் கொத்துக் கரண்டிய எடுத்துக்கினு வந்துடு. எத்திராஜு, புடிச்சுக் குடுத்தவன் நீ, வண்டி உனக்குத்தான். மூடினபடியே இயுத்துக்கினு போ. இந்தச் சனியன் இனிமே இந்த ஊர்ல இருக்கக் கூடாது."

வரதனுக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு போல்ட்டும் அவன் கையால் முடுக்கியது. தலைவரை நிமிர்ந்து பார்த்தான். தலைவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

"இயுத்துக்கினு போறதா? இன்னா தலைவரே, என் வண்டி நல்லா ஓடற வண்டி" என்றான் வரதன். "எத்திராஜு, தார்ப்பாய எடு. குந்து. கௌரவமா ஓட்டிக்கினு போ."

எத்திராஜுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தலைவர் "வேணாம்டா" என்று சொல்லி முடிப்பதற்குள் தார்ப்பாயை உருவிப் போட்டான். எல்லா வண்டியிலும் ஏறுகிற மாதிரி வலது பக்கம் ஏறி, ஜம்மென்று உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

கையில் ஒன்றும் அகப்படவில்லை. ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருந்தது. அமெரிக்காக்காரன் ஊரில் டிரைவருக்கு இடது பக்கம்தான் சீட்டு.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆதிலட்சுமி மட்டும் முன்னால் வந்தாள்.

"ஏன்யா எத்திராஜு, எங்க வூட்டுக்காரரு குந்திக்கினு இருந்தது நீ இப்போ குந்திக்கினு கீறியே, அந்தப் பக்கந்தானே? அப்படின்னா ஓட்டினது அந்த முண்டாசுக்காரன்தானே? யாரு அது?"

வரதன் வாயைத் திறக்கவில்லை. சத்தியத்தை மீறுகிறவன் இல்லை அவன். இடது பக்கம் போய், எல்லாரும் பார்க்க வசதியாகக் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, பிரேக்குக்கு அடியில் இறுக மாட்டிக்கொண்டு, சிவப்பு வார் செருப்பு ஒன்று கிடந்தது.