கடைசி பெஞ்ச்

ஏழு நாடுகளில் கிளை விரித்த பல்கலைக்கழகத்தின் பொன்விழா மலருக்காக, அது தொடங்கிய வருடம் எடுத்த முதல் வகுப்புப் படத்தில் இருப்பவர்களைத் தேடித் தேடியே மலர் தயாரிக்கும் பெண்ணுக்குச் செருப்புத் தேய்ந்துவிட்டது, பாவம்.

நாளைக்கு அச்சு. துணைவேந்தர் அறைக்குள் படமும் கையுமாக மூச்சிரைக்க நுழைந்தாள்.

"சார், குடி முழுகிப்போச்சு! இதுல ஒருத்தர்கூட மாணவர் இல்ல. அந்த வருஷம் யாருமே சேரலையாம். பத்திரிகைப் படத்துக்காகக் கட்டட வேலைக்காரங்களுக்கு நல்ல சட்டை மாட்டி, பெஞ்சுல உட்கார வெச்சிருக்காங்க!"

"அப்படியா?"

"வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும் சார். என் வேலையும் போயிடும். கிழிச்சுப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம்மா!"

துணைவேந்தர் படத்தை வாங்கி, கடைசி பெஞ்சில் கையெல்லாம் சிமென்ட் கறையோடு உட்கார்ந்திருந்தவன்மேல் விரல் வைத்தார்.

"படம் எடுத்ததும் மத்தவங்க எழுந்து கலவை போடப் போயிட்டாங்க. எனக்குத்தான் எழுந்திருக்க மனசு வரல."