ஏறிக்கொண்டிருந்த எஞ்சின்

1947 கோடையில், திருத்தணி மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் ராஜவேலுவின் வாடகைக் கார் எஞ்சின் நின்றுபோய், வண்டி பின்னால் உருண்டது. சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கிய தம்பி துரைக்கண்ணுவை அது பாறையோடு சேர்த்து நசுக்கியது.

"லட்சம் மைல் ஓடின எஞ்சினு பாவா. தூக்கிப் போட்டுட்டு மிலிட்டரி ஏலத்துல வந்த எஞ்சின் மாட்டு" என்று மெக்கானிக் கோதண்டம் முன்பே சொல்லியிருந்தான். அவன் ராஜவேலுவின் மனைவியின் தம்பி. ராஜவேலுதான் கேட்காமல், எஞ்சினைப் பிரித்து ரிங்கு மாற்றி ஓவராயில் செய்தால் போதும் என்றான்.

காரியம் முடிந்த மறுநாள் காலை, அந்த எஞ்சினைக் கழற்றி அடிவாரத்து ஷெட்டு வாசலில் போட்டுச் சம்மட்டியால் அடித்தான். பிளாக் இரண்டாகப் பிளந்தது. பிஸ்டன்கள் மண்ணில் சிதறின. இரும்புச் சில்லு ஒன்று தெறித்து அவன் கன்னத்தைக் கிழித்தது. அவன் துடைக்கவில்லை.

கோதண்டம் அவன் கையைப் பிடித்தான். "நிறுத்து பாவா. சத்தம் வந்துகினு கீது, கேளு."

உடைந்த துண்டுகளிலிருந்து, முதல் கியரில் முக்கி முக்கி மேடேறும் சத்தம் வந்தது. பாதையின் ஒவ்வொரு வளைவையும் ராஜவேலுவின் காது அறியும். முதல் வளைவு போயிற்று. இரண்டாவதில் கொஞ்சம் திணறி, அதையும் தாண்டியது.

"அன்னிக்கு இந்தத் தம்மு எங்க போச்சி?" என்று கேட்டு மறுபடி அடித்தான். உள்ளங்கை கிழிந்து சம்மட்டிப் பிடி வழுக்கும்வரை அடித்தான்.

சத்தம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, சற்று நின்றது. பிறகு அவர்கள் இருந்த பக்கமாக இறங்கத் தொடங்கியது.