ஒற்றைக்காதன்

உலகின் தென்கோடி ஊரான எங்கள் புன்டா அரினாசில் ஜூன் மாதக் குளிர்காலத்தில் தேநீர் வேளைக்கு முன்பே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாமியார் நெரினாவின் வீட்டில் அதே பழைய வீடியோ கேசட்தான் ஓடும். தென்துருவப் பயண நாடகம். வசனமெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பசி தாங்காத பயணிகள் தங்கள் கடைசி நாயான ஒற்றைக்காதனைச் சுடும் கட்டம் வந்தால் மட்டும் மாமியார் அடுப்படிக்குப் போய்விடுவார்.

இந்த முறை போகவில்லை. எழுந்து வாசல்கதவை அகலத் திறந்து, திரையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"டேய் ஒத்தக்காதா! அங்க நின்னுக்கிட்டு என்னடா பண்ற? ஓடியா, இங்க ஆட்டுக்கறி இருக்கு!"

"கதவச் சாத்துடி கெழவி! நாங்க வெறச்சுச் சாகவா?" என்று மாமனார் ராதோமிரோ கத்தினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமியார் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

திரையில் சமையல்காரன் துப்பாக்கியோடு வந்து கயிற்றை இழுத்தான். முனையில் நாய் இல்லை.

"வேற கேசட்டா அத்தை?" என்றேன்.

மேசைக்கடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. ஈரமான வால் ஒன்று என் காலில் படபடவென்று அடித்தது.

திரையில் பயணிகள் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து விசிலடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

மாமியார் மேசைவிரிப்பைத் தரைவரை இழுத்துவிட்டார்.

"கேட்டா, இங்க வரலன்னு சொல்லிடுங்க" என்றார் மாமனார், தன் தட்டிலிருந்த கறியைக் கீழே நீட்டியபடி.