வீட்டுத் தலைப்புச் செய்திகள்

சாயங்கால வெயில் சோபாவின் கைப்பிடியில் கிடக்கிறது. தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓட, செய்தி வாசிப்பவன் உலகமே பற்றி எரிவதுபோல் கத்துகிறான். போன மாதம்தான் மாரடைப்பிலிருந்து மீண்ட கணவரின் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. தையல் மெஷினை விட்டு எழுந்துவந்த மனைவி சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு, அந்த வாயசைப்புக்குத் தானே குரல் கொடுக்கிறாள். "வணக்கம். தலைப்புச் செய்திகள். மதிய மாத்திரையைக் குடும்பத் தலைவர் வழக்கம்போல மறந்துட்டார். பேத்திக்கு முன்பல் விழுந்துடுச்சு, அழவே இல்லையாம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுது." அவர் வயிறு குலுங்கச் சிரித்து மாத்திரையை விழுங்குகிறார். திரையில் ஏதோ எரிகிறது. அவர் அவளையே பார்க்கிறார்.

"வானிலை அறிக்கை வரலையே?"

கழுத்தில் அளவு நாடா தொங்கக் குனிந்தவள், அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் காத்திருக்கிறாள்.

"காலையில இருந்ததைவிட அமைதியா இருக்கு."