தலைமாடு எந்தப் பக்கம்?

“தம்பி, கட்டிலுக்குத் தலைமாடு எந்தப் பக்கம்?”

எதிர்வீட்டு பூர்ஸ்மா ஜன்னல் வழியாகக் கேட்டதும் தைமனுக்குச் சுருக்கென்றது. கட்டில் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்திக்கொண்டிருந்தான் அவன்.

“உங்களுக்கெதுக்கு சார் அது?”

“சும்மாத்தான் கேட்டேன்.”

“ஜன்னலோரம்தான். போதுமா?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினான்.

டெல்ஃப்ட் நகரின் அந்தக் குறுகிய தெருவில் வீட்டுக்கு வீடு பத்தடிதான் இடைவெளி. பூர்ஸ்மா ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு உலகம். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. தபால்காரன் பத்தரைக்கு மேல் ஒரு நிமிஷம் பிந்தி வந்தாலும், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

மறுநாள் அவன் மனைவி ஹில்டேவுக்குப் பிரசவ ஆபரேஷன். வயிற்றுக்குள் இருந்த குழந்தை, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்று அடம்பிடித்ததால் டாக்டர் தேதி குறித்துவிட்டார். தைமனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் அவள் ஏறக்கூடாது. அதனால் படுக்கையறைக் கட்டிலைக் கழற்றி, முன்னறையில் கொண்டுவந்து மாட்டினான். வீட்டுக்கு வரப்போகும் பிரசவ நர்ஸ், “கட்டில் எண்பது சென்டிமீட்டர் உயரம் இருக்கணும், இல்லன்னா குனிஞ்சு குனிஞ்சே என் இடுப்பு போயிடும்” என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அளவுநாடாவை வைத்து மூன்று தடவை அளந்தான். கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீர், கூப்பிட ஒரு மணி, இருமல் வந்தால் தையல்மேல் அழுத்திக்கொள்ள ஒரு குட்டித் தலையணை.

கடைசியாக ஜன்னலுக்கு ஒரு திரை.

அங்கேதான் இடித்தது. அந்தத் தெருவில் பகலில் யாரும் திரையை மூடுவதில்லை. மூடினால், ‘உங்க சகவாசமே வேண்டாம்’ என்று அர்த்தம். தெருவில் நடக்கிறவர்களும் உள்ளே எட்டிப் பார்க்காமல் மரியாதையாக நேரே போய்விடுவார்கள்.

“எல்லாம் பிரமாதம்டா” என்றாள் ஹில்டே, வயிற்றைத் தாங்கிக்கொண்டு. “ஆனா இந்தத் திரைய மட்டும் மூடச் சொல்லாத.”

“எதிர்ல அந்த ஆள் நாள் முழுக்க உக்காந்திருக்காரே!”

“எங்க அக்கா பிரசவம் முடிஞ்சு மூணு மாசம் இருட்டு ரூம்ல படுத்து அழுதுக்கிட்டே இருந்தா. எனக்கு அதை நினைச்சாலே பயமா இருக்கு. வெளிச்சம் வேணும் தைமன்.”

“சரி, பால் குடுக்கறப்ப?”

ஹில்டேவின் கண் கலங்கியது.

நான்காம் நாள் மகளோடு வீடு திரும்பினார்கள். அக்கம்பக்கத்தார், பெண் பிறந்ததற்கு அடையாளமாக வாசலில் ரோஸ் கலர் கொடி கட்டி, குழந்தையைத் தூக்கி வருவதாகச் சொல்லப்படும் நாரையின் மரப்பொம்மையும் நிறுத்தியிருந்தார்கள். தைமன் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு நிமிர்ந்தவன், எதிர்வீட்டைப் பார்த்தான்.

பூர்ஸ்மா வீட்டுத் திரை, ஒரு கோடு வெளிச்சம்கூட நுழையாதபடி இழுத்து மூடியிருந்தது.

“பாத்தியா கொழுப்ப! நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேனாம், ரோஷம் பொத்துக்கிட்டு வருது. குழந்தை வர்ற நாளும் அதுவுமா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு!”

ஹில்டே கட்டிலில் சாய்ந்தாள். வெயில் நேராகத் தலையணையில் வந்து விழுந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லா கோவிச்சுக்கட்டும்டா! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?”

பத்து நாள் ஆயிற்று. தெருவே வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனது. எதிர்த்திரை மட்டும் அசையவில்லை. தைமனுக்குப் பொருமிக்கொண்டே இருந்தது.

“ஒரு ரஸ்க்காவது கொண்டுபோய்க் குடு” என்றாள் ஹில்டே. “சந்தோஷத்துல என்ன சண்டை?”

குழந்தை பிறந்த வீட்டு வழக்கப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, ரோஸ் கலர் சோம்பு மிட்டாய் தூவி எடுத்துக்கொண்டு போனான். ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் மணியை அடித்தான்.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. நட்டநடுப் பகலில் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலோர நாற்காலி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக் கிடந்தது.

தட்டைப் பார்த்ததும் பூர்ஸ்மாவின் முகம் மலர்ந்தது. “ரோஸ் கலரா! அப்ப பொண்ணா? பால் நல்லா குடிக்குதா?”

“குடிக்கிறா. அது இருக்கட்டும் சார். அன்னைக்கு நான் வெடுக்குனு பேசினதுக்கு இத்தனை நாளாவா திரையப் போட்டு மூடிக்கிறது?”

“நீ பேசினதுக்கா?” பூர்ஸ்மா குழம்பிப்போய்ப் பார்த்தார். “அட, என் நாற்காலிக்கு நேரா அவ தலைமாடு. அதுக்குத்தான அன்னைக்கே கேட்டேன். பச்சை உடம்புக்காரி எதுக்கு இருட்டுல கிடக்கணும்? ஒரு வீட்டுல மூடினாப் போதாதா? ஆறே ஆறு வாரம்தான!”

தைமன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான். படி இறங்கினான்.

“தம்பி!”

திரும்பினான். பூர்ஸ்மா கதவைப் பிடித்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஆமா... தபால்காரன் இப்பல்லாம் பத்தரைக்குச் சரியா வந்துடறானா?”